நாய்க்குட்டி இங்கிலீஷில் என்ன பாஸ்?

ஒரு குட்டி டெஸ்ட். 'ரசமட்டம்' - இதை இங்கிலீஷில் சொல்லுங்க பார்ப்போம். 'ரசம் லெவல்'னு சொன்னீங்கன்னா, மயிலாப்பூர் மெஸ்ஸில் ரசம் ஊத்துறவர்கூட சிரிப்பார். கொத்தனாரைக் கேளுங்க... ஒரே செகண்டில் ஸ்பிரிட் லெவலை எடுத்துக் காட்டிடுவார்.

ரஷ்யனில் இருந்து இங்கிலீஷுக்கு டெக்னிக்கல் டிரான்ஸ்லேஷன் பண்றவங்களுக்கும் தினம் தினம் இதே டெஸ்ட்தான். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா ரோட்டில் இருக்கிற ரஷ்யன் ஹவுஸில் மொழி கத்துக்கலாம். ஆனா, பட்டறைப் பேச்சு தனி ரகம்!

'பராஷெக்'னா ஆட்டுக்குட்டி. பட்டறையில் அது விங் நட். இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிட்டு இருக்கும்ல, அதான்! 'பல்கார்கா'ன்னா பல்கேரியாக்காரி. பதறாதீங்க, அது ஆங்கிள் கிரைண்டர். சோவியத் யூனியனுக்கு அந்த மெஷின் முதலில் பல்கேரியாவில் இருந்து வந்ததால் அந்தப் பேர். பிரெஞ்சு கம்பெனி பேரை வெச்சு மண் தோண்டுற மெஷினை எல்லாம் நாம 'பொக்லைன்'னு கூப்பிடுறோமே, அதே கதைதான். இரும்பு உலைக்குள்ளே உறைஞ்சு கிடக்கிற உலோகக் கட்டிக்கு ரஷ்யனில் 'ஆடு'. இங்கிலீஷ்காரன் அதையே 'சாலமாண்டர்'ங்கிறான். ஆடு பல்லி மாதிரி ஜந்துவா மாறிடுச்சு!

சிரிச்சாச்சா? இப்போ சீரியஸ். 'சபாச்கா'ன்னா நாய்க்குட்டி. பளு தூக்குற மெஷினில், பல்சக்கரம் பின்னால் சுத்தாமப் பிடிச்சு நிறுத்துற சின்னத் துண்டு அது. இங்கிலீஷில் 'பால்' (பசும்பால் இல்லீங்க!). அது தேஞ்சு நழுவினா, தூக்கின லோடு கீழே வரும். கீழே ஒரு ஆள் நிற்பார். 'வேலைக்கு முன்னால் நாய்க்குட்டியை செக் பண்ணவும்'னு நீங்க எழுதிக் கொடுத்தா, ஃபிட்டர் சிரிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவார். உங்க டிக்‌ஷனரி தப்பு சொல்லலை. ஆனா, அந்த ஆளைக் காப்பாத்தவும் இல்லை.

ஆவடியில் டி-90 டாங்க், 2013-ல் மின்சாரம் தர ஆரம்பிச்ச கூடங்குளம் முதல் யூனிட்னு ரஷ்ய டெக்னாலஜி நம்ம ஊரிலேயே இருக்கு. அதனால, இந்தப் பக்கம் வர்ற ஐடியா இருந்தா, ஒரு வார்த்தை இடிக்கும்போது 'இதுக்கு அர்த்தம் என்ன?'ன்னு கேட்காதீங்க. 'இது என்ன வேலை செய்யுது?'ன்னு கேளுங்க. டிராயிங்கைப் பாருங்க. அப்புறமும் புரியலையா? கூச்சப்படாம ஃபிட்டர் அண்ணன்கிட்ட போய் நில்லுங்க.

கையில் கிரீஸ் ஒட்டாம இந்த மொழி வராது பாஸ்!