நினைவு மோதிரம்



ஏப்ரல் பிறந்தால் ஷேக்ஸ்பியரைப் பற்றி நாலு கட்டுரைகளாவது தபாலில் வந்துவிடும். 1564 ஏப்ரல் 26 அன்று ஸ்ட்ராட்ஃபோர்ட் தேவாலயத்தில் ஞானஸ்நானம், 1616 ஏப்ரல் 23 அன்று மறைவு. கையுறை தைத்து விற்றவரின் மகன், பல்கலைக்கழகப் படி மிதிக்காதவர் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. எனக்கு இம்முறை ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் என்ற இரு நடிகர்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஷேக்ஸ்பியர் தன் மனைவி ஆனுக்கு வீட்டின் இரண்டாந்தரக் கட்டிலை எழுதிவைத்த அந்த உயிலை வைத்து எத்தனையோ வம்பு பேசியாகிவிட்டது. அதே உயிலில் தன் குழுவின் நடிகர்கள் மூவருக்குத் தலைக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் விட்டுப் போனார், நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள. அவர்களில் ரிச்சர்ட் பர்பேஜ் 1619-இல் காலமானார். மற்ற இருவர்தாம் இவர்கள்.

அந்நாளில் நாடகம் எழுதியவருக்குச் சொந்தமில்லை, குழுவுக்குச் சொந்தம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பாதி மலிவுப் பதிப்பாக வெளிவந்திருந்தன. சில படுமோசமான பாடங்கள். மீதி அச்சேறவே இல்லை. நண்பர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623-இல், 36 நாடகங்களை ஒரே பெருநூலாக இவர்கள் கொண்டுவந்தார்கள். அதில் 18 அதுவரை அச்சு காணாதவை. மாக்பெத், ஜூலியஸ் சீசர், டெம்பெஸ்ட் எல்லாம் அந்தப் பதினெட்டில்தான் வரும். பம்மல் சம்பந்த முதலியார் ‘மகபதி’யாகவும் ‘விரும்பிய விதமே’யாகவும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்த மாக்பெத், ஆஸ் யூ லைக் இட் இரண்டுமே இவர்கள் காப்பாற்றிக் கொடுத்தவை. ஆன் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அது வெளிவரச் சில மாதங்கள் இருக்கும்போது இறந்துபோனார்.

நண்பர் தந்த தாள்களில் அடித்தல் திருத்தலே அனேகமாக இல்லை என்று முன்னுரையில் பெருமைப்பட்டிருக்கிறார்கள். (நம் அலுவலகத்துக்கு அப்படி ஒரு பிரதி வந்ததில்லை.) ஆயிரம் வரியை அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிற்பாடு குறிப்பெழுதிவைத்தார் பென் ஜான்சன். இத்தனைக்கும் அதே நூலின் முகப்பில் ஷேக்ஸ்பியரை வானளாவப் புகழ்ந்து கவிதை பாடியவர் அவர். சக எழுத்தாளர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் போலும்.

அந்த முன்னுரையில் வாசகர்களுக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. படியுங்கள், குறை சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் முதலில் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் இதை வழிமொழிகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்