வாக்கில்லாதவன் வயல்

பாறசாலை கடந்து இஞ்சிவிளையில் நின்று பார்ப்பவனுக்கு, கேரளம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பது பெயர்ப்பலகைகளைப் படித்தால்தான் விளங்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், ஏத்தன் குலையைச் சந்தைக்கு ஏற்றுவதும், தேநீர்க் கடையில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதும் அந்தப் பலகைகளைச் சற்றும் மதிப்பதில்லை. தண்ணீர் மட்டும் மதிக்கிறது.

நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய், திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்த நாளில், நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் சேர்த்தே திட்டமிடப்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி இவ்விரு தாலுகாக்களும் பிரிந்து, விளவங்கோடு சென்னை ராஜ்யத்தில் (இன்றைய தமிழ்நாட்டில்) சேர்ந்த பின்னரும், கால்வாய் பழைய உறவை மறக்காமல் பல பத்தாண்டுகள் ஓடியது. 2004இல் கேரள அரசு அதை நிறுத்திற்று. நெய்யாறு இரு மாநில நதியன்று என்பதும், வேண்டுமானால் நீருக்குப் பணம் தரலாம் என்பதும் அதன் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. விளவங்கோட்டில் இந்த நீரை நம்பியிருந்த நிலம் 9,200 ஏக்கர். மதகின் இரும்புத் திருகு துருவேறி, கரையில் ஆடு கட்டியிருக்கும் கால்வாயைப் பார்க்கிறவனுக்கு வழக்கின் நுணுக்கங்கள் எதுவும் தேவைப்படுவதில்லை.

எல்லையின் கேரளப் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், 'அது சர்க்கார் காரியமல்லோ' என்ற ஒரே வார்த்தையில் விஷயம் முடிந்துவிடுகிறது. இந்த வார்த்தையைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம். 2004க்குப் பிறகு ஐக்கிய ஜனநாயக முன்னணியும் இடது ஜனநாயக முன்னணியும் திருவனந்தபுரத்தில் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. தேர்தல்தோறும் கொடிகளும் மந்திரிகளும் மாறினாலும் மதகு மட்டும் திறக்கவில்லை. ஆகவே இந்த அநியாயத்தை ஒரு கட்சியின் தலையில் கட்டிவிட்டு, அக்கட்சிக்கு நான் வாக்களிக்கவில்லை என்று கை கழுவிக்கொள்ளும் சௌகரியம் பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தொகுதி வாக்காளருக்கு இல்லை.

ஒரு சர்க்கார் தன் பிரஜைகளுக்கே தீங்கிழைத்தால், அவர்கள் அடுத்த தேர்தலில் அதைத் தண்டிக்கலாம். ஆனால் விளவங்கோட்டு விவசாயி கேரள மந்திரிசபையால் நஷ்டப்பட்டும், அதைத் தேர்ந்தெடுக்கவோ நீக்கவோ அதிகாரம் அற்றவன். அவனுக்காகக் கேட்கக்கூடிய வாக்கு, அவன் சம்பந்தி வீட்டார் கையில்தான் இருக்கிறது. தனக்கு வாக்கு உண்டு, பாதிக்கப்பட்டவனுக்கு இல்லை என்று அறிந்த பிறகு மௌனமாயிருப்பவன், சர்க்காரின் செயலில் பங்காளியாகிறான். ஒற்றை வாக்கால் என்ன ஆகும் என்பாரும் உண்டு. ஒரு வயலுக்கு எத்தனை மடை வேண்டும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்துடன் இணைக்கக் கோரிக் கிளர்ந்த ஜனங்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டு உயிர்கள் பலியானபோது, திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சியிலிருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. உத்தரப் பிரதேசத்தில் கால்வாய் நீர்த் தீர்வை உயர்வை எதிர்த்துச் சிறையிலிருந்த அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தம் சொந்தக் கட்சி மந்திரிசபையே ராஜினாமா செய்ய வேண்டும் என்று கோரினார். கட்சி கேட்கவில்லை, அவர் பதவியை விட்டார். துப்பாக்கியைத் தொடாதவர், சம்பவத்தின்போது பல நூறு மைலுக்கு அப்பால் சிறையில் அடைபட்டிருந்தவர், தம் பெயரால் நடந்த ஆட்சியின் செயலுக்குத் தாம் பொறுப்பு என்று கருதினார்.

விளவங்கோட்டாருக்கும் ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்துக் குன்றுகளைப் பெயர்த்து, விழிஞம் துறைமுகத்துக்கென்று களியக்காவிளை வழியாக லாரி லாரியாகக் கல் போனபோது அனுமதித்தது அவர்கள் தேர்ந்தெடுத்த சர்க்கார்தான். அண்டை அரசைச் சபிக்கும் வாய் அங்கே ஏன் அடைத்துப் போயிற்று என்பதை அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை, தன் உரிமை வாதம் எதையும் விட்டுக்கொடுக்காமலே, கேரள அரசு இடதுகரைக் கால்வாயில் தற்காலிகமாக நீர் விடலாம். இதற்குச் சட்டத்தைக் காட்டிலும் மனமே வேண்டும். அந்த மனத்தை உண்டாக்கும் கடமை பாறசாலை, நெய்யாற்றின்கரை மக்களுடையது. இரு தொகுதி எம்.எல்.ஏ.க்களின் அலுவலகங்களும் எல்லைக் கிராமங்களுக்கு பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு மனு எழுத அரைத் தாள் போதும்.