மூலையில் தூக்கிப் போட்ட மேட்டர் - பஸ் ஜன்னல்

பஸ் ஜன்னல் ஏன் இப்படிக் கடகடன்னு ஆடுது? ரோடு சரியில்ல. ஏன் மூட மாட்டேங்குது? பழைய வண்டி. மூடினாலும் ஏன் தண்ணி உள்ள வருது? மழைன்னா வரத்தானே செய்யும்... இந்த மூணு பதிலையும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப் போச்சு. ஆனா மூணுமே சாக்கு. ரோடு ஆட்டும், வெயில் காய்ச்சும், மழை நனைக்கும்ங்கறது வண்டி வாங்கறவங்களுக்கும் தெரியும், பாடி கட்டறவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சே ஜன்னல் பிரேமோட நாலு மூலையையும் ஆளுக்கு ரெண்டு ரிவெட் அடிச்சு முடிச்சு அனுப்பறாங்க பாருங்க, அதுதான் உண்மையான பதில்.

பி.காம் படிக்கற பயலுக்கு ஜன்னல் மூலையில என்னடா வேலைன்னு கேப்பீங்க. ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, நான் திருவொத்தியூர்க்காரன். 1948-ல அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்சு 1955-ல அசோக் லேலண்டா மாறின கம்பெனி எங்க பக்கத்து எண்ணூர்ல. அதே 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்து வெச்ச ஐ.சி.எஃப். அந்தப் பக்கம் பெரம்பூர்ல. தெருவுக்கு ஒரு வெல்டர், ரெண்டு ஃபிட்டர் இருக்கற ஊர் இது. வண்டி செஞ்சே வளர்ந்த ஏரியால உக்காந்துக்கிட்டு ஆடற ஜன்னலைப் பாத்தா கோவம் வராம என்ன வரும்? ரெண்டாவது வேலை, இது கடைசியில கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம். அதுக்குப் பின்னாடி வரேன்.

முதல்ல ஒரு சின்ன சோதனை. நாலு ஐஸ்கிரீம் குச்சி எடுத்து, மூலைக்கு ஒரு குண்டூசி குத்தி சதுரமா மாட்டுங்க. லேசா தள்ளுங்க. பொத்துனு சாஞ்சிடும். மூணு குச்சில முக்கோணம் பண்ணுங்க, என்ன தள்ளினாலும் அசையாது. சதுரத்தை நிக்க வெக்கணும்னா ரெண்டே வழிதான். குறுக்க ஒரு குச்சி போடணும், இல்ல மூலையைத் திரும்ப விடாம இறுக்கணும். ஜன்னலுக்குக் குறுக்க கம்பி போட்டா அது ஜன்னலா? அப்போ மீதி இருக்கறது மூலை மட்டும்தான். ஜன்னல் பிரேமோட மொத்த பலமும் அந்த நாலு மூலையிலதான் இருக்கு. அந்த இடத்துலதான் நம்மாளுங்க சிக்கனம் பிடிக்கறாங்க!

இந்தச் சாய்வு எவ்வளவு சின்னதா இருந்தாலும் வேலையைக் காட்டும். 900 மி.மீ அகலம், 600 மி.மீ உயரம் இருக்கற ஒரு பிரேம்னு வெச்சுக்குங்க. மேல்பக்கம் வெறும் 3 மி.மீ நகர்ந்தா ரெண்டு மூலைவிட்டத்துக்கும் நடுவுல 5 மி.மீ வித்தியாசம் வந்துடும். பித்தாகரஸ் போட்டுப் பாத்துக்குங்க, எட்டாங்கிளாஸ் கணக்கு. கண்ணாடி சாயாது, அது கண்ணாடி. பிரேம் மட்டும் சாயும். அப்புறம் கண்ணாடி சேனல்ல சிக்கும், ஷட்டர் பாதியில நிக்கும், ரப்பர் பீடிங் ஒரு பக்கம் நசுங்கி இன்னொரு பக்கம் வாயைப் பொளக்கும், அந்த வழியா தண்ணி இறங்கும். "கண்ணாடி ஜாம் ஆயிடுச்சு"ன்னு நாம சொல்ற பல நேரத்துல உண்மையில மூலைதான் இளகியிருக்கும். அடுத்த தடவை பஸ்ல ஏறும்போது ஒரு நூலை எடுத்துட்டுப் போய் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்க. கண்டக்டர் ஒரு மாதிரி பாப்பார், பரவால்ல.

மூலையோட கெட்ட குணம் இன்னொண்ணும் இருக்கு. கூர்மையா வெட்டின மூலையில விசை வந்து குவியும். தகட்டுல ஒரு ஓட்டை போட்டா அதோட ஓரத்துல எவ்வளவு விசை ஏறும்னு இங்க்லிஸ்ங்கற ஆங்கிலேயப் பேராசிரியர் 1913-லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டார். வட்டமான ஓட்டைன்னா 3 மடங்கு. ஓட்டையோட முனை கூராக ஆக அது ஏறிக்கிட்டே போகும். இந்தக் கணக்கை மதிக்காததுக்கு உலகம் குடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்ல. இரண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்கா அவசர அவசரமா வெல்டு பண்ணி இறக்கின லிபர்ட்டி கப்பல்கள்ல, சரக்கு இறக்கற சதுர வாய் இருக்கே, அதோட மூலையிலேருந்து விரிசல் கிளம்பிச்சு. குளிர்ல நொறுங்கற இரும்பும் அதுக்கு ஒரு காரணம். ஆனா விரிசலுக்குக் கதவைத் திறந்து விட்டது மூலை. அந்த மூலைகளை வளைச்சு, பலப்படுத்தித்தான் சமாளிச்சாங்க.

அடுத்தது காமெட் விமானம். 1954 ஜனவரி 10 அன்னிக்கு இத்தாலிக்குப் பக்கத்துல எல்பா தீவுகிட்ட ஒண்ணு வானத்துலயே உடைஞ்சு 35 பேர் செத்தாங்க. ஏப்ரல் 8-ம் தேதி இன்னொண்ணு, 21 பேர். அப்புறம் ஒரு காமெட்டோட உடம்பைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சு, அழுத்தத்தை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி சோதிச்சாங்க. ஜன்னல் மூலையில கிழிஞ்சுது. கடல்ல விழுந்த முதல் விமானத்தோட துண்டுகளை எடுத்துப் பாத்தா, கூரையில ரேடியோ கருவிக்காக வெட்டின திறப்போட மூலையில, ஒரு துளை ஓரத்துல களைப்பு விரிசல். கவனிங்க, மூலை, மூலைக்குப் பக்கத்துல ஒரு துளை. நம்ம பஸ் ஜன்னல்ல ரிவெட் அடிக்கறது எங்க? அதே மூலையில, அதே மாதிரி துளை போட்டு! இன்னிக்கு எந்த விமானத்துல ஏறினாலும் ஜன்னல் மூலை உருண்டையா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

"பஸ் என்ன விமானமா?"ன்னு ஒரு கேள்வி வரும். இல்ல. பஸ் வெடிச்சுச் சிதறாது. ஆனா விமானம் ஒரு பயணத்துக்கு ஒரு தடவைதான் உப்பி இறங்குது. எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி கிழிச்ச ரோட்டுல ஓடற பஸ்ஸோட மூலை, ஒரு டிரிப்புல எத்தனை ஆயிரம் தடவை இழுபடுதுன்னு நினைச்சுப் பாருங்க. அதோட நமக்குக் கடல்காத்து வேற. காசிமேட்டுலேருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக்காத்து. அலுமினிய பிரேம்ல சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டு, நடுவுல உப்புத்தண்ணி நின்னா ரெண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பேட்டரி செல் மாதிரி வேலை செய்யும். துளையைச் சுத்தி அலுமினியம் வெள்ளை மாவா உதிரும், ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். தண்ணி எங்க போய் நிக்கும்? கீழ் மூலையில. இணைப்பு எங்க இருக்கு? அதே கீழ் மூலையில. தண்ணி வடிய ஒரு துளை விட்டிருப்பாங்களா? விட்டிருந்தாலும் அழுக்கு அடைச்சிருக்கும். மதுரையில நல்லா உழைக்கற ஜன்னல் திருவொத்தியூர்ல உழைக்காததுக்கு யாரும் மந்திரம் வெக்கல.

அப்போ என்னதான் பண்ணணும்? வெல்டிங் அடிச்சுட்டா தீர்ந்துச்சுன்னு சொல்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு. இரும்பு பிரேம்னா சரி. ஜன்னலுக்கு உபயோகிக்கற அலுமினியக் கலவைகள் பெரும்பாலும் சூடேத்திப் பதப்படுத்தினது. அதை வெல்டு பண்ணினா பக்கத்துல இருக்கற உலோகத்தோட பதம் போயிடும், பலம் கிட்டத்தட்ட பாதியா குறையும். பாக்க ஒட்டின மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல வெல்டுக்குப் பக்கத்துல கோடு விழும். அப்புறம் எல்லாரும் வெல்டரைத் திட்டுவாங்க. பாவம், அவர் ஒழுங்காத்தான் அடிச்சிருப்பார்.

நல்ல வழி ரெண்டு இருக்கு. ரெண்டுமே புதுசு இல்ல. ஒண்ணு, 45 டிகிரியில வெட்டி, உள்கூடு இருக்கற அலுமினியச் சட்டத்துக்குள்ள ‘எல்’ வடிவ கார்னர் கிளீட்டை இறுக்கமா செருகி, பசை போட்டு அழுத்திப் பூட்டறது. திரும்பற விசையைக் கிளீட்டோட ரெண்டு கையும் நீளமா வாங்கிக்கும், ரெண்டு ரிவெட்டு தலையில விழாது. இன்னொண்ணு இன்னும் அழகு. மூலையில வெட்டாம முழுச் சட்டத்தையும் வளைச்சு, நாலு மூலையும் உருண்டையா வர மாதிரி பண்ணி, மேல்பக்கத்தோட நடுவுல ஒரே ஒரு இணைப்பு வெக்கறது. ஏன் நடுவுல? பிரேம் சாயும்போது வளைக்கற விசை மூலையில உச்சம், பக்கத்தோட நடுவுல கிட்டத்தட்ட பூஜ்யம். பலவீனமான இடத்தை வேலை கம்மியா இருக்கற இடத்துல வெக்கறோம், அவ்வளவுதான். தண்ணியும் அங்க நிக்காது. எங்க தெரு ஃபிட்டர் அண்ணன்கிட்ட கேட்டா, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா தம்பி, இன்னா ரேட்டு குடுக்கறாங்கன்னு கேளுன்னு சிரிக்கறார். பாயிண்ட்டுக்கு வந்துட்டார் மனுஷன்.

ஆமா, ரேட்டு. இப்போ என் சப்ஜெக்ட். ஒரு பேச்சுக்கு, நல்ல மூலைக்கு ஒரு ஜன்னலுக்கு 300 ரூபாய் அதிகம்னு வெச்சுக்குங்க. 20 ஜன்னலுக்கு 6,000 ரூபாய், ஒரே தடவை. மட்டமான மூலைன்னா வருஷத்துக்கு 10 ஜன்னல் ரிப்பேர், ஒண்ணுக்கு 150 ரூபாய், ஆக 1,500. வண்டி 9 வருஷம் ஓடுதுன்னா 13,500. நாளைக்குக் குடுக்கற காசும் இன்னிக்குக் குடுக்கற காசும் ஒண்ணு இல்லையேன்னு எங்க சாரே கேப்பார், அதனால 10% டிஸ்கவுண்ட் ரேட்டும் போட்டுடுவோம். டேபிள்ல 5.759. பெருக்கினா ஏறத்தாழ 8,640. அப்பவும் 6,000-தான் லாபம்! ரிப்பேருக்காக வண்டி டிப்போல நிக்கற நாளோட கலெக்‌ஷனை நான் சேக்கவே இல்ல. இந்த எண்களை மாத்திக்குங்க, ஆனா கணக்கைப் போடாம இருக்காதீங்க.

அப்புறம் ஏன் யாரும் 6,000-த்தைக் குடுக்கறதில்ல? மிச்சம் பிடிக்கறவர் ஒருத்தர், செலவு பண்றவர் வேறொருத்தர். வாங்கும்போது விலை குறைஞ்சா அது சாதனை. ரிப்பேர் செலவு வேற தலைப்புல, வேற வருஷத்துல, வேற டேபிள்ல ஏறும். சட்டம் அப்படித்தான் சொல்லுது, குறைஞ்ச டெண்டரைத்தான் எடுக்கணும்னு ஒரு சாக்கு வேற. 1998-ல வந்த நம்ம மாநில டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தோட 10-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. டெண்டர் ஆவணத்துல எழுதியிருக்கற, அளந்து பாக்கக்கூடிய அம்சங்களை வெச்சு எது குறைவோ அதை எடுன்னுதான் அது சொல்லுது. ஆவணத்துல மூலையைப் பத்தி எழுதினா மூலையும் போட்டியில வரும். எழுதாதது நம்ம தப்பு. சட்டத்தை ஏன் இழுக்கணும்?

இது வெறும் கடகட சத்தத்துக்கான சண்டை இல்ல. போன மழைக்காலத்துல எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி சிக்கின ஷட்டரை இழுக்கப் போய், அது திடீர்னு இறங்கி விரல்ல நாலு தையல். எந்த வண்டின்னு சொல்லப் போறதில்ல, எந்த வண்டியா வேணா இருந்திருக்கும். இன்னும் பெரிசா யோசிங்க. அவசர வழின்னு எழுதியிருக்கற ஜன்னலோட பிரேம் சாஞ்சு இறுகிட்டா, தீப்பிடிச்ச நேரத்துல அது திறக்குமா?

ஜன்னல் பிரேமைத் தாண்டி, பஸ் உடம்புலயே ஜன்னல் தூணும் மேல்சட்டமும் கீழ்சட்டமும் சேர்ற இடங்கள் இருக்கு. கூரையைத் தாங்கறது அந்த மூலைகள்தான். வண்டி கவிழ்ந்தா முதல்ல மடங்கறதும் அங்கதான். அதனாலதான் 800 மி.மீ உயர மேடையிலேருந்து பஸ்ஸைக் கவிழ்த்துப் பாத்து, உக்காந்திருக்கறவங்களுக்கு உயிர் பிழைக்க இடம் மிஞ்சுதான்னு சோதிக்க ஐரோப்பாவுல ஆர்-66-னு ஒரு விதி, நம்ம நாட்டுல ஏ.ஐ.எஸ்.-031-னு ஒரு விதி. பெரிய மூலைக்கு ஒரு சோதனை இருக்குன்னா, தினமும் ஆயிரம் பேர் கை வெக்கற சின்ன மூலைக்கும் ஒண்ணு வேணும்.

கேக்கறது மூணே மூணு வரிதான். மூலை இணைப்பு எப்படி இருக்கணும்னு டெண்டர்ல எழுதுங்க. கடலோரத்துல ஓடற வண்டிக்கு ஸ்க்ரூவும் ரிவெட்டும் எந்த உலோகம், தண்ணி வடியற துளை எங்கன்னு எழுதுங்க. மாதிரி ஜன்னல் ஒண்ணைக் குலுக்கற மேசையில ஏத்தி, இறக்கினதும் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, வித்தியாசம் இவ்வளவுக்கு மேல போனா வாங்க மாட்டோம்னு எழுதுங்க. அளக்க ஒரு டேப் போதும், கடையில நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அந்த டேப்பை வாங்கக்கூட டெண்டர் விடுவோம்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி.