மருமக்கள் யார்?

சென்ற ஆடி மாதத்தில் அன்பர் ஒருவர் தம் மாமனாரது மரண சாதனத்தின் பிரதியொன்றை என்பாற் கொணர்ந்தார். "எட்டுப் பரப்புத் தோட்டக்காணி என் மருமக்களுக்குச் சேரும்" என்பது அதில் ஒரு வரி. மகளிரை மணந்தோர் தாமே அம்மருமக்கள் என்கின்றனர். இறந்தவரின் சகோதரி பிள்ளைகளோ தாமே என்கின்றனர். யான் அகராதியைப் புரட்டி, அச்சொல் இருசாராரையும் குறிக்கும் என எழுதிக் கொடுத்தேன். இருசாராரும் அக்கடிதத்தையே தத்தமக்குச் சான்றாக்கிக்கொண்டனர்!

சகோதரி மகனே மகளை மணக்கும் வழக்கு மிக்கிருந்த காலத்தில் இருவருக்கும் ஒரு சொல் போதியதாயிற்று. இன்று உறவு இரண்டாகப் பிரிந்தும் சொல் ஒன்றாகவே நிற்கின்றது.

சாதனத்தின் ஒப்பத்திற்குச் சட்டம் காவல் வைத்திருக்கின்றது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள், உடனிருத்தல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சொல்லுக்கோ அத்தகைய காவல் இல்லை.

இங்கிலாந்தில் ஓர் அம்மையார், தாம் இறக்கும்போது உள்ள பணம் முழுவதும் தம் உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கு என எழுதிவைத்தார். அவர் விட்டுச்சென்ற செல்வத்திற் பெரும்பகுதி பங்கு முதலிய முதலீடுகள். பணமென்பது ரொக்கம் முதலிய சிலவே எனும் பழந்தீர்ப்புகளுக்குக் கட்டுண்ட கீழ் நீதிமன்றங்கள் முதலீடுகளை அச்சொல்லுள் அடக்கவில்லை. 1943இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றியது. எழுதியவர் அச்சொல்லை எப்பொருளில் வழங்கினார் என்பதை, சாதனம் முழுவதையும் அவர்தம் சூழலையும் நோக்கியே துணிதல் வேண்டும் என்றது. தீர்ப்பளித்தோருள் ஒருவராகிய அட்கின் பிரபு, தம் விருப்பத்தைத் திரித்துப் பொருள்கொண்ட நீதிபதிகளின் வரவை நோக்கி ஆவிகள் பல மறுவுலக ஆற்றின் அக்கரையிற் காத்துநிற்பதாக நகையாடினார். எனினும் எழுதாத ஒன்றை எழுதிச் சேர்க்கும் உரிமை நீதிபதிக்கு இல்லை. எழுதியதன் பொருளைத் தேடுதலே அவர் கடன்.

இதில் நமக்குப் புதுமை யாதுமில்லை. பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிக என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்துட் கண்ட முறையன்றோ! அதனை முப்பது ஆண்டு கற்பித்த யான், வழக்குள்ள சொல்லொன்று வீடு தேடி வந்தபோது மறந்தேன். ஒரு வரியை மட்டும் கிழித்தெடுத்துப் பொருள் கூறியது என் பிழை.

நொத்தாரிசுமாருக்கும் ஒன்று கூறுவேன். உறவுப் பெயரோடு ஆட்பெயரையும் எழுதுக. எழுதுவிப்பவர் உயிரோடு எதிரே இருக்கையில், "மருமக்கள் என்றது யாரை?" என வினவ ஒரு நிமிடம் போதும், அவர் இறந்தபின் பல்லாண்டும் போதா.

பின்னர் அப்பிரதியை வாங்கி முதலிலிருந்து படித்தேன். வீட்டைப் பற்றிய பகுதியில், "என் மகளிருக்கும் அவர்தம் கணவன்மாருக்கும்" என்றிருந்தது. அவர்களை அங்கே கணவன்மார் என்றவர், சில வரிகளின் பின் மருமக்கள் என்றது வேறு யாரையோ கருதியே ஆதல் வேண்டும். சகோதரி பிள்ளைகளையே என்பது என் துணிபு. அன்பரிடம் அதனை மறையாது சொன்னேன்.

அவர் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "முந்தின கடிதத்தைக் கோட்டிற் கொடுத்தாயிற்றே, பண்டிதர் ஐயா" என்றார்.