ஒரு மணியார்டர் ஃபாரம்

இன்னைக்கு பிப்ரவரி 21. காலையிலேர்ந்து டைம்லைன் முழுக்க தாய்மொழி நாள் வாழ்த்து. சந்தோஷம். ஆனா ஏன் இந்தத் தேதின்னு கேட்டா, "யுனெஸ்கோ அறிவிச்சதுங்க" என்பதோட பல பேர் நிறுத்திடுறாங்க. யுனெஸ்கோ அறிவித்தது 1999-ல். கதை அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி, ஒரு மணியார்டர் ஃபாரத்துல ஆரம்பிக்குது தோழர்களே.

1947-ல் பிறந்த பாகிஸ்தானில் பஞ்சாபி, சிந்தி, பஷ்தோ, பலூச்சி எல்லாம் உண்டு. ஆயிரம் மைல் தாண்டி கிழக்கே வங்காளம். உருதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட கிடையாது. ஆனா டெல்லியை விட்டுப் போன தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தெரிஞ்ச மொழி அதுதான்.

1948 பிப்ரவரி 25, கராச்சி. அரசியல் நிர்ணய சபையில் குமில்லாக்காரர் தீரேந்திரநாத் தத்தா எழுந்தார். சபையில் ஆங்கிலம், உருதோடு வங்க மொழியிலும் பேசலாம் என்று விதியைத் திருத்தச் சொன்னார். அவ்வளவுதான் கேட்டார். காரணம் சொல்லும்போது அவர் பெரிய தத்துவம் எதுவும் பேசலை. டாக்காவில் படிக்கிற மகனுக்குப் பணம் அனுப்ப ஒரு ஏழை விவசாயி கிராமத் தபால் ஆபீசுக்குப் போறார். ஃபாரம் உருதுல இருக்கு. யாராவது படிச்சுச் சொல்ல டவுனுக்கு ஓடணும். நிலம் வாங்கினா, முத்திரைத்தாளில் போட்டிருக்கிற மதிப்பு உருதுலயும் ஆங்கிலத்துலயும்தான். கொடுத்த காசுக்குச் சரியான தாள் வந்துச்சான்னு அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

நாட்டில் 6 கோடியே 90 லட்சம் பேர், அதில் 4 கோடியே 40 லட்சம் பேர் பேசுவது வங்காளம் என்று கணக்கும் வைத்தார். கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தேன், 64 சதவீதம் வருது!

இந்த மாதிரி பதிவு போட்டாலே, "ஒரே மொழி இருந்தாத்தானே நாடு ஒத்துமையா இருக்கும்?"னு கமெண்ட்ல ஒருத்தர் வருவார். பிரதமர் லியாகத் அலிகான் அன்னைக்குச் சொன்னதும் அதேதான். கூடவே, இது மக்களைப் பிரிக்கிற முயற்சின்னு ஒரு பழி. திருத்தம் தோற்றது. எதிர்த்தவர்களில் கிழக்கு வங்காளத்து முதலமைச்சர் நஜிமுதீனும் ஒருவர். (ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தர் இருக்கத்தான் செய்றார்.)

அடுத்த மாதமே ஜின்னா டாக்கா வந்து, உருது மட்டுமே அரசு மொழி என்று அறிவித்தார். அதைச் சொன்னது ஆங்கிலத்தில். அவருடைய தாய்மொழியோ குஜராத்தி.

1952-ல் பிரதமராகிவிட்ட நஜிமுதீன் டாக்காவில் அதையே திருப்பிச் சொன்னதும் மாணவர்கள் பொங்கினார்கள். பிப்ரவரி 21 அன்று 144 தடையை மீறித் தெருவுக்கு வந்தார்கள். மருத்துவக் கல்லூரி விடுதிப் பக்கம் போலீஸ் சுட்டது. ரஃபீக், பர்கத், ஜப்பார், சலாம்... 1954 தேர்தலில் அங்கே முஸ்லிம் லீக் துடைத்தெறியப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் நூருல் அமீன் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1956 அரசியல் சட்டத்தில் வங்க மொழியும் அரசு மொழியானது. அதே 1956-ல்தான் இலங்கை 'சிங்களம் மட்டும்' சட்டம் போட்டது. பக்கத்துல எரிஞ்ச நெருப்பைப் பார்த்துட்டே போட்டாங்க என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாது.

பாகிஸ்தானுக்கும் அந்தத் திருத்தம் ரொம்ப லேட். வேலை, ராணுவம், பணம் என்று மற்ற புறக்கணிப்புகளும் சேர்ந்து 1971-ல் நாடு உடைந்தது. அந்த மார்ச் 29 அன்று குமில்லா வீட்டிலிருந்து தத்தாவை ராணுவம் மகனோடு தூக்கிப் போனது. அவருக்கு 84 வயசு. ரெண்டு பேரும் திரும்பவே இல்லை.

1972 அக்டோபர். புது வங்கதேசத்தின் சபையில், குடிமக்கள் எல்லாரும் 'வங்காளிகள்' என்று சட்டத்தில் எழுதத் திருத்தம் வந்தது. சிட்டகாங் மலைப்பகுதியின் மானபேந்திர நாராயண் லார்மா எழுந்து, "நான் சக்மா, வங்காளி இல்லை" என்று வாதாடினார். திருத்தம் நிறைவேறியது. லார்மா எழுந்து வெளியே போனார்.