எட்டால் பெருக்காதீர்கள்



ஆஸ்லோவில் மகள் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டுத் தாம்பரம் வந்து பத்து நாள் ஆகிறது. போட்டோக்களைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு ஆச்சு சார்?" நேற்று மார்க்கெட்டில் பார்த்த பழைய மாணவன் ஒருவன் மட்டும் வேறு மாதிரி கேட்டான். "சார், பத்து நாள்ல ஏழு நாடுன்னு ஒரு பேக்கேஜ். ஈஎம்ஐல தர்றாங்க. போட்டுடலாமா?" வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே பதில் சொல்லும் விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள், வகுப்பிலும் பொறுத்துக்கொண்டவர்கள்தானே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடாதே. கடன் வாங்கி ஏழு நாட்டின் பார்க்கிங் லாட்டுகளைப் பார்ப்பதைவிட, காசு சேர்த்து ஒரு ஊரில் ஒரு வாரம் இருந்து, அந்த ஊர் தன் சொந்த ஜனங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வா. விலைவாசி பயமுறுத்தும் ஊரில்கூட அது முடியும். ஆனால் சிக்கனம் எது, கஞ்சத்தனம் எது என்று எனக்கே அங்கே போய்த்தான் புரிந்தது. அதுவும் என் மனைவியின் முழங்கால் செலவில்.

நடந்ததைச் சொல்கிறேன். நார்வே பணம் குரோன். ஒரு குரோன் அப்போது ஏறக்குறைய எட்டு ரூபாய். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து எதைப் பார்த்தாலும் எட்டால் பெருக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு காபி ஐம்பது குரோன் என்றால் நானூறு ரூபாய். சரவண பவனில் நான்கு பேர் டிபன் சாப்பிடலாமே என்று நெஞ்சு அடைக்கும். இன்னொன்றும் இருந்தது. மாப்பிள்ளை காசில் ஊர் சுற்றக் கூடாது என்ற வீம்பு. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மகள் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். கார்டு கொடுத்தாள், மேஜை மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் நாள், மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போன பிறகு, நாங்கள் இருவரும் விகெலான் பூங்கா பார்க்கக் கிளம்பினோம். சென்ட்ரல் ஸ்டேஷன் வரை எப்படியோ ரயிலில் வந்தாகிவிட்டது. வந்த டிக்கெட்டின் நேரம் முடிந்துவிட்டதால் டிராமுக்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டும். அங்கே 67 வயது ஆனவர்களுக்கு அரைக்கட்டணம். எனக்கு 68, அவளுக்கு 64. அவளுக்கு முழு டிக்கெட். எட்டால் பெருக்கினேன். "மூணு, நாலு கிலோமீட்டர்தான், பேசிக்கிட்டே நடந்துடலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடமாக ஒன்றும் சொல்லாதவள். அரண்மனை வரை ஏற்றம், அதற்கு அப்புறமும் நடை. பூங்காவுக்குள் போனதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சிலைகளை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் முழங்கால் பந்து போல வீங்கியிருந்தது. நான்கு நாள் படுக்கை. மகள் லீவு போட்டாள். அவள் சத்தம் போடவில்லை, ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா கால்லயா அப்பா மிச்சம் பிடிச்சீங்க?"

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்றால், உங்களில் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அடுத்த வருடம் நீங்கள் போவீர்கள். இதையேதான் செய்வீர்கள்.

எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். மகள் இருப்பது ஆஸ்லோவின் கிழக்கே குருருட் பக்கம். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. குருநகர் அந்தோனி இராஜேந்திரம் 1956இல் அங்கே போனதிலிருந்து தொடங்கும் கதை அது. பிறகு எண்பதுகளில் போரினால் ஆயிரக்கணக்கில் போனார்கள். இந்தப் பெரியவர் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பேக்டரியில் வேலை பார்த்தவராம். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் மாஸ்டர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், ஒரு கிழமைக்கு ரிக்கெற் எடுத்துப்போட்டு விருப்பம்போலத் திரியுங்கோ. ஒவ்வொரு தரமும் காசைப் பாத்தா ஒண்டும் பாக்கேலாது."

ஏழு நாள் டிக்கெட் எடுத்தோம். அங்கிருந்துதான் எங்கள் ஊர் சுற்றல் தொடங்கியது. அந்த ஒரே டிக்கெட்டில் மெட்ரோ, டிராம், பஸ், தீவுகளுக்குப் போகும் படகு எல்லாம் அடக்கம். முதலிலேயே கொடுத்துவிட்டதால் அதன் பிறகு ஒவ்வொரு பயணமும் இலவசம் மாதிரி. கால் வலித்தால் அடுத்த டிராமில் ஏறி உட்கார வேண்டியதுதான், அது எங்கே போனாலும் சரி. மெட்ரோவில் கதவு, தடுப்பு எதுவும் கிடையாது, பரிசோதகர் வந்து டிக்கெட் இல்லை என்று பிடித்தால்தான் அபராதம் தீட்டிவிடுவார். ஒன்றாம் எண் மெட்ரோ மலையேறிக் காட்டுக்குள் போய் நிற்கிறது, கடைசி ஸ்டேஷன் ஃப்ரோங்னர்செட்டரன். ஊரும் கடலும் கீழே தெரிகின்றன. டூரிஸ்ட் பஸ்ஸில் இதே காட்சிக்கு என்ன வாங்குவார்கள் என்று விசாரித்தேன். பெருக்கவில்லை, கேட்டதோடு சரி.

படகுதான் என் மனைவிக்குப் பிடித்தது. ஃபியோர்டில் சுற்றிக் காட்டத் தனிப் படகுகள் உண்டு, நல்ல விலை. ஆனால் சிட்டி ஹால் பக்கத்துத் துறையிலிருந்து ஹொவேதோயா தீவுக்குப் போகும் சாதாரணப் படகும் அதே ஃபியோர்டில்தான் போகிறது. பத்து நிமிஷம்கூட ஆகாது. அங்கே 1147இல் துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடுகள், சுற்றிலும் லைலாக் பூ. மனைவி புளியோதரை டப்பாவைத் திறந்தாள். நான் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு நார்வேக்காரர் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டித் துண்டை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மாட்பாக்கெ என்று பெயர், கட்டுச்சோறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிலிருந்து ஆபீஸ் அதிகாரி வரை அதுதான் மதியச் சாப்பாடு என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த ஊர்க்காரனே ஓட்டல் விலைக்குப் பயந்து கட்டுச்சோறு எடுத்துப் போகிறான், நமக்கு என்ன வெட்கம்? தண்ணீரும் விலைக்கு வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமை. தீவுக்கு மூன்று தரம் போனோம். மூன்றாம் தரம் அவளே "இன்னிக்கும் தீவு" என்றாள்.

இலவசமாக உள்ளதைச் சொன்னால் பட்டியல் நீளும். இரண்டு மூன்று மட்டும். 2008இல் திறந்த ஆப்பெரா ஹவுஸ், அதன் வெள்ளைப் பளிங்குக் கூரை தண்ணீரிலிருந்தே சரிவாக எழும்பி மேலே போகிறது, யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். உள்ளே கச்சேரிக்கு டிக்கெட், கூரைக்குக் கிடையாது. சிட்டி ஹால், ஒவ்வொரு டிசம்பர் 10 அன்றும் நோபல் அமைதிப் பரிசு கொடுக்கும் அதே மண்டபம். 2014இல் நம் கைலாஷ் சத்யார்த்தியும் மலாலாவும் வாங்கிய இடம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் குடும்பத்தோடு நார்வே போன கம்சாயினி குணரத்னம் 2015இல் இந்த நகரத்தின் துணை மேயர் ஆனார் என்று பெரியவர் சொன்னபோது, அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். விகெலான் பூங்காவுக்கு மறுபடியும் டிராமில் போனோம். இருநூறுக்கு மேற்பட்ட சிலைகள், குஸ்தாவ் விகெலான் என்ற ஒரே மனிதரின் வேலை. ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. அம்மா, அப்பா, அழும் பிள்ளை, கிழவன், கிழவி. நடுவில் 17 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல்லில் 121 உருவங்கள். பூட்டுக் கிடையாது, ராத்திரியும் திறந்திருக்கிறது. இந்தத் தரம் அவளும் பார்த்தாள்.

நூலகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லாவிட்டால் நான் வாத்தியாரே இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் 2020இல் திறந்த டைக்மான். நுழைவதற்கு அட்டையும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், 'பையை வெளியே வை' என்று சொல்பவரும் இல்லை. நல்ல நாற்காலி, ஜன்னல் வழியாகக் கடல், சுத்தமான கழிப்பறை. (வெளியே பல இடங்களில் கழிப்பறைக்குக் கார்டு தேய்க்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) மேல் மாடியில் ஒரு சிறிய மர அறை. 2014இலிருந்து வருடத்துக்கு ஓர் எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கிறார், முதலில் கொடுத்தவர் மார்கரெட் அட்வுட். யாரும் படிக்க முடியாது. ஊருக்கு வெளியே காட்டில் ஆயிரம் மரக்கன்று நட்டிருக்கிறார்கள், அவை வளர்ந்து காகிதமாகி 2114இல்தான் அந்தப் புத்தகங்கள் அச்சாகும். அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கும் காசு கேட்கவில்லை.

மே 17 அவர்களுடைய அரசியல் சாசன நாள், 1814இல் கையெழுத்தானது. தலைநகரத்தின் பெரிய அணிவகுப்பில் டாங்கியும் பீரங்கியும் வரவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகள் கொடியைப் பிடித்துக்கொண்டு, பேண்டு வாசித்துக்கொண்டு வருகிறார்கள். ராஜா மாடத்தில் நின்று கையாட்டிக்கொண்டே இருக்கிறார். வரிசை கலைந்து, ஷூ லேஸ் அவிழ்ந்து, ஒருவன் ஐஸ்கிரீமைக் கொட்டிக்கொண்டு. முப்பத்து மூன்று வருடம் ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி 'நேரா நில்லு' என்று கத்தியவன் நான். உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது.

மன்னிப்பு என்றதும் இன்னொன்று. நார்வே நள்ளிரவுச் சூரிய நாடு என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே மட்டும்தான் அது. ஆஸ்லோ அதற்குத் தெற்கே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் வெளிச்சம் இருந்தது, ஆனால் சூரியன் மறையத்தான் செய்தது. என் நோட்ஸில் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்துப் பார்த்தது ஒன்றே ஒன்று: ஃப்ராம் கப்பல். நான்சென் வட துருவப் பக்கமும், அமுன்ட்சென் தென் துருவப் பக்கமும் கொண்டுபோன அதே மரக்கப்பல். 1911 டிசம்பர் 14 என்று உங்களை எத்தனை தரம் எழுத வைத்திருப்பேன்! அதன் மேல்தளத்தில் ஏறி நின்றேன். அந்த டிக்கெட்டை மட்டும் எட்டால் பெருக்கத் தோன்றவே இல்லை. பத்து இடத்தில் பிடிக்கும் மிச்சம், மனசுக்குப் பிடித்த அந்த ஓரிடத்துக்காகத்தான். (வைக்கிங் கப்பல் மியூசியம் பார்க்கலாம் என்று போகிறவர்கள் கவனிக்கவும், அதை விரிவாக்கிக் கட்டுவதற்காக மூடியிருக்கிறார்கள்.)

அண்ணன் மகன் போனில் கேட்டான்: "அவ்வளவு தூரம் போயிட்டு பெர்கன் போகலையா, மலை ரயில் போகலையா? பஸ்ல சுத்திட்டு வந்ததுக்குத் தாம்பரத்துலயே சுத்தியிருக்கலாமே சித்தப்பா!" மலை ரயில் போகாதது எனக்கும் குறைதான், மறைக்க மாட்டேன். மனைவிக்கு அந்த ஆசை இருந்தது. முதல் வாரம் நான் வீணாக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருப்போம். ஆனால் அவன் கிண்டலாகச் சொன்ன இரண்டாவது பாதி கிண்டல் இல்லை. தாம்பரத்திலிருந்து பத்து ரூபாயில் பீச் ஸ்டேஷன் போகலாம். 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குள் காசில்லாமல் போகலாம். எத்தனை பேர் பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறீர்கள்? மாலுக்குத்தான் கூட்டிப்போகிறோம். நம் ஊரிலும் கொடுப்பதற்கு இருக்கிறது. இல்லாதது, முழங்கால் வலிக்கும் ஒருத்தி அதுவரை போய்ச் சேரும் வழி. தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்கிலிருந்து மேற்கே போக என் மனைவி படும் பாட்டை நான் பார்க்கிறேன். சேலையூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனால் உட்கார நிழலான இடம் தேட வேண்டியிருக்கிறது. மாநகராட்சி ஆகி வருடங்கள் ஆகிவிட்டன. நாலு பெஞ்சு, ஒரு சுத்தமான கழிப்பறை, அது ஆஸ்லோ பட்ஜெட் இல்லை. வார்டு கூட்டத்தில் கேட்கப் போகிறேன், வருகிறவர்கள் வாருங்கள்.

ஹார்டுவேர் கடைக்காரனுக்குக் கடைசியாக. விமான டிக்கெட், ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இவற்றில் மிச்சம் பிடிக்க வழியில்லை, அதை முதலில் சேர்த்துவை. ஏர்போர்ட்டிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறாதே, சாதாரண ரயில் ஏறக்குறைய பாதி விலை, சில நிமிஷம்தான் வித்தியாசம். கடைப் பொருளுக்கு கீவி, ரேமா என்ற சூப்பர் மார்க்கெட், காய்கறிக்கு குருன்லாண்ட் பக்கத்துக் கடைகள். காலி பாட்டிலை எறியாதே, கடை மெஷினில் போட்டால் இரண்டு, மூன்று குரோன் திரும்ப வரும். அங்கே மட்டும் எட்டால் பெருக்கிக்கொள், சந்தோஷமாக இருக்கும். மனைவியை நடக்க வைக்காதே.

வீட்டுக்கு வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். மகள் கொடுத்தனுப்பிய பழுப்புச் சீஸ் ஒரு கட்டி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வெல்லமும் உப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. வீட்டில் யாரும் தொடுவதில்லை.