நேர்க்கோடு என்னும் பொய்

“பேட்டரியில் ஓடுகிற சாமான்தானே, இதற்கு எதற்கு இந்தச் சோதனை?” பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். எலக்ட்ரானிக்ஸில் பட்டம் வாங்கியவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகள் சர்க்கியூட் போட்டவர்கள். பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம் அவர்கள் மனத்தில் அப்படியே நிற்கிறது: ஏ.சி. என்றால் அலை, டி.சி. என்றால் நேர்க்கோடு. நேர்க்கோட்டில் இரைச்சல் ஏது, அதைக் கம்பியில் அளந்து பார்ப்பது வெட்டிச் செலவு என்கிறார்கள். இதைப் போல ஆளை ஏமாற்றும் படம் நம் தொழிலில் வேறில்லை.

பினாங்குப் பாலத்தில் ஒரு மாலை நண்பரின் காரில் போய்க்கொண்டிருந்தோம். மின்னல் எஃப்.எம்.மில் பழைய பாட்டு. நண்பர் சிகரெட் லைட்டர் துளையில் போன் சார்ஜரைச் செருகி, போனை மாட்டினார். பாட்டின் மேல் மணலை அள்ளிக் கொட்டியதுபோல ஒரு சீறல். “பாலத்துல லைன் வீக் மச்சான்” என்றார். நான் கையை நீட்டிச் சார்ஜரைப் பிடுங்கினேன். பாட்டு தெளிந்தது. மறுபடி செருகினேன், சீறல். போனை மட்டும் கழற்றினேன், சீறல் பாதியாக இறங்கியது. பாலமும் அதேதான், நிலையமும் அதேதான். அந்தக் காருக்குள் வீட்டு மின்சாரம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இருந்தது 12 வோல்ட் பேட்டரி மட்டும்.

சார்ஜருக்குள் என்ன நடக்கிறது? 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க, ஒரு சின்னச் சுவிட்ச் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகிறது. பேட்டரியின் வோல்ட்டேஜ் அசையாமல் நிற்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து உறிஞ்சப்படும் கரண்ட் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு வெட்டும் 10 நானோநொடியில் எழுகிறது என்றால், அதன் மடங்கு அலைகள் ஏறக்குறைய 30 மெகாஹெர்ட்ஸ் வரை வலுவாகவே போகும். அதற்கு மேல் வேகமாகத் தேயும், ஆனாலும் மறையாது. 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலையின் நீளம் 75 சென்டிமீட்டர். சார்ஜர் கம்பியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கம்பி ஆன்டெனாவாகிவிடுகிறது.

“ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துவிட்டோம், கோடு நேராகத்தான் இருக்கிறது” என்பது அடுத்த வாதம். எப்படிப் பார்த்தார்கள் என்று நான் கேட்பதுண்டு. கட்டத்துக்கு 20 மில்லிவோல்ட் வைத்து, 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் காட்டாதே என்ற பொத்தானையும் அழுத்திவிட்டுப் பார்த்திருப்பார்கள். ரிப்பிள் அளக்க அது சரியான முறை. ஆனால் வாகனச் சாதனங்களுக்கான சிஸ்பர் 25 தரத்தில், மிகக் கடுமையான 5ஆம் வகுப்பில், எஃப்.எம். பட்டைக்குக் கம்பியில் அனுமதிக்கப்படும் சராசரி அளவு 18 டெசிபல் மைக்ரோவோல்ட். சாதாரணக் கணக்கில் சொன்னால் சுமார் 8 மைக்ரோவோல்ட்; 12 வோல்ட்டில் பதினைந்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த ஆஸிலோஸ்கோப்பின் ஒரு கட்டத்தை 2,500 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. பார்க்கவே முடியாததை ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம்.

லாரிக்கான கேமராப் பெட்டி ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. மேசை முழுக்கச் செம்புத் தகடு. அதன் மேல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் சாமான், பக்கத்தில் கம்பியின் இரைச்சலைப் பிரித்து ரிசீவருக்குத் தரும் இரண்டு லிஸ்ன் பெட்டிகள் (பிளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று), நடுவே ஒரு சாண் கம்பி. ஒவ்வொரு லிஸ்னுக்குள்ளும் 5 மைக்ரோஹென்றிச் சுருள். காருக்குள் ஓடும் ஐந்து மீட்டர் வயருக்கு அது மாற்று. மின்சாரம் பேட்டரியிலிருந்து, ஏனென்றால் மேசை சப்ளைகளே சில சமயம் இரைச்சல் போடும். முதலில் சாமானை அணைத்துவைத்து அறையை அளந்தோம். அறையின் சொந்த இரைச்சல் வரம்புக்குக் கீழே குறைந்தது 6 டெசிபலில் கிடக்க வேண்டும். பிறகு சாமானை எழுப்பி, பிளஸ் கம்பியை அளந்தோம். வரம்பை உரசிக்கொண்டு தப்பியது. கூட வந்த இளம் எஞ்சினியர் தம்பிக்கு முகம் மலர்ந்தது. நான் ரிசீவர் கேபிளைக் கழற்றி அடுத்த லிஸ்னுக்குப் போனேன்.

“மைனஸ் தரைதானே அண்ணே, அதையும் எதுக்கு?”

மைனஸில் கோடு வரம்பைத் தாண்டி எழுந்து நின்றது. பிளஸிலும் மைனஸிலும் ஒரே திசையில் ஓடி, உடம்பும் தகடும் வழியாகத் திரும்பும் இரைச்சலுக்குத் தரை என்று ஒரு கம்பி கிடையாது. தூரத்தில் போய்த் தரையில் சேரும் மைனஸ் கம்பியையும் தனியே அளக்கத் தரம் சொல்வது இதற்காகத்தான். திறந்து பார்த்தோம். உள்ளீட்டுக் கெப்பாசிட்டர், கன்வெர்ட்டர் ஐ.சி.யிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. போர்டு வரையும் நாளில் அதை ஐ.சி.யை ஒட்டி நகர்த்தப் பத்துக் காசு செலவில்லை. இப்போது பெட்டிக்கு மோல்டு வெட்டியாகிவிட்டது. இரைச்சலை அடக்கும் சோக் வைக்க உள்ளே இடமே இல்லை. அந்தத் தம்பி அன்று சாப்பிடவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். டி.சி.க்குச் சோதனை வேண்டாம் என்று மூன்று மாதம் முன்பு முடிவெடுத்தது அவன் இல்லை.

அடாப்டரில் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அடாப்டரின் சான்றிதழ் அடாப்டருக்கு. தனக்கென ஓர் அடாப்டரோடு விற்கும் சாமானை ஏ.சி. சாமானாகவே கருதி, அடாப்டரின் ஏ.சி. பக்கத்தில் அளக்க வேண்டும் என்கிறது பல்லூடகச் சாதனங்களுக்கான சிஸ்பர் 32 தரம். அதாவது சாமானையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். இதில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு, டி.சி. பக்கத்தை மறந்துவிடலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். அடுத்த ஆண்டே அதே போர்டை லாரியின் 24 வோல்ட்டில் நேராகக் கட்டி விற்கிறார்கள். கூரையில் சோலார் வைத்தவர்களுக்கும் இது பொருந்தும். 2015இல் வந்த சிஸ்பர் 11 பதிப்பு, மின்கட்டமைப்போடு இணையும் கன்வெர்ட்டர்களின் டி.சி. முனைக்கே வரம்பு வைத்தது.

செலவு என்று சொல்வதையும் ஏற்க மாட்டேன். 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில், பாயான் லெப்பாஸிலேயே இதற்கான ஆய்வகம் இருக்கிறது. இரண்டு லிஸ்ன் பெட்டிகளும் பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசரும் இருந்தால் முதல் மாதிரிப் போர்டைக் கம்பெனிக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

இதெல்லாம் நமக்குப் புதிதாக வந்த பாடமும் அல்ல. 1930இல் கார் ரேடியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்த மோட்டோரோலாக்காரர்கள் தீப்பொறி இரைச்சலோடு போராடித்தான் அதைப் பாட வைத்தார்கள். 1972இல் இங்கே தொழிற்பேட்டை தொடங்கியபோது முதலில் வந்தவற்றில் கிளாரியனும் பாஷும் இருந்தன. இரண்டுக்கும் கார் ரேடியோ தொழில். பின்னர் மோட்டோரோலாவும் வந்தது. கார் ரேடியோ செய்து வளர்ந்த ஊர் இது.

என் அத்தை அப்படி ஒரு பெக்டரியில், பேட்டரியிலிருந்து வரும் சிவப்புக் கம்பியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சுருளைப் பற்றவைக்கும் வேலையை ஏழு ஆண்டுகள் செய்தார். அதன் பெயர் சோக் என்பது அவருக்குத் தெரியும். எதற்கு என்று சூப்பர்வைசரிடம் ஒருமுறை கேட்டாராம். “பேட்டரி கம்பியில சத்தம் வரும்மா, அது ரேடியோவுக்குள்ள போகக்கூடாது” என்றாராம் அவர்.